படத்தில் இருக்கக் கூடாத கை

முதலில் எச்சிலைத் துடைக்க வேண்டும். அதுதான் வழக்கம். எந்த நாயின் படத்தைத் திறந்தாலும் தண்டபாணியின் கை தானாக வாய்ப் பக்கம்தான் போகும். வாயோரத்தில் நூலாகத் தொங்குவதை அழிக்கும், பிறகு கண்ணில் பீளை, பிறகு கண்ணின் சிவப்பு, பிறகு காதிலோ கழுத்திலோ தழும்பு இருந்தால் அது, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கை. கை என்றால் கோகிலாவின் கை. நாய் சொன்னபடி உட்காருமா என்ன, யாராவது ஒருத்தர் படத்துக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்து கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தாடையைத் தாங்க வேண்டும், அந்த யாராவது இந்த ஸ்டுடியோவில் அவன் பெண்டாட்டி. பிடித்த கையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் நாய் தானாகவே ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். வளர்த்தவர்கள் பார்த்துப் பூரித்துப்போவார்கள், வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டான், இங்கே பாருங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் நாய்ப்படத்துக்கு மாறியபோது வடவள்ளியில் சிரிக்காத ஆளில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும், கோயம்புத்தூரில் நாய்க்குப் பிறந்த நாள் கொண்டாடாத தெரு எது? அதுவும் போக, மனுஷனைவிட நாய் மேல். கன்னத்தைக் குறைத்துக் காட்டு, கலரை ஏற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. வாயோரத்து நூலின்மேல் மவுஸை வைத்தவன் அழுத்தாமல் அப்படியே இருந்தான். எச்சில் ரொம்ப அதிகமாக இருந்தது.

சற்று முன்னால் வரை இது சாதாரண வேலைதான். மத்தியானச் சாப்பாட்டை முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது சுபத்ரா மேடம் போன் செய்தார். “அண்ணா, நம்ம பட்டர் போயிட்டான்ணா” என்றார், அழுகை இல்லை, அழுது முடித்த குரல். பட்டர் யார் என்று நினைவுக்கு வர அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது, பிறகு வெண்ணெய் நிறத்தில் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய லாப்ரடார் ஞாபகம் வந்தது, போன மாதம் பங்குனி வெயிலில் கொண்டுவந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதற்கு முதல் பிறந்த நாளாம், கூடத்தில் மாட்ட அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு ஃப்ரேம் செய்து தர வேண்டுமாம். அன்றைக்கு வாட்ஸாப்பில் அனுப்பியது சின்னப் படம், பெரிதாகப் போட வேண்டுமென்றால் கேமரா எடுத்தபடியே இருக்கிற முதல் படத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். செய்துவிடலாம் மேடம் என்றான். அதோடு வைத்திருக்கலாம். வாய் சும்மா இருந்ததா, என்ன ஆச்சுங்க மேடம் என்று கேட்டான், துக்க வீட்டில் கேட்பதுபோல, கேட்காவிட்டால் நன்றாக இருக்காது என்று. “உங்ககிட்ட வந்துட்டுப் போன மறுநாள்லருந்தே சாப்பிடலண்ணா. வாய மூடவே முடியல, ஒழுகிட்டே இருந்துச்சு. தொண்டைல எலும்பு ஏதாச்சும் சிக்கியிருக்கும்னாங்க. குரல்கூட மாறிப்போச்சு, கொலைக்கறதே ஒரு மாதிரி ஊளை மாதிரி. நாலஞ்சு நாள்தான்.” தண்டபாணி ஊசி எல்லாம் போட்டிருந்தீங்கதானே மேடம் என்றான். “மொத ஊசி போட்டோம். அப்புறம் போட வேண்டியது, அவருக்கு ஆபீஸ் வேலை, அப்படியே தள்ளிப்போச்சு. வீட்டுக்குள்ளயே இருந்தவன்தானேண்ணா. ஒரே ஒரு தடவ கேட்டைத் தாண்டி ஓடி, தெருநாய்கிட்ட கடி வாங்கிட்டு வந்தான், அதுவும் ஆறிடுச்சு.” ஃப்ரேம் கறுப்பா மரக் கலரா என்று கேட்டு, மரக் கலர் என்று பதில் வாங்கிக்கொண்டு அவன் போனை வைத்தான்.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. படம் எடுக்கும்போது மட்டும் அதை நிறுத்திவிடுவார்கள், காற்றில் முடி பறந்தால் நாய் பரட்டையாகத் தெரியும், நிறுத்துவது கோகிலா வேலை, நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாய் பக்கத்தில் போய் உட்காருவாள். அன்றைக்கும் அப்படித்தான். அன்றைக்கு வெளியே இன்னொரு நாய் வேறு காத்திருந்து குரைத்துக்கொண்டிருந்தது, இந்த பட்டர் மட்டும் பதிலுக்கு ஒரு குரல் கொடுக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு அடக்கமான நாயை நான் பார்த்ததே இல்லை மேடம் என்று அவன் சொன்னான். சொன்னானே. பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னான், சுபத்ரா மேடத்துக்கும் பெருமை, காலையிலிருந்தே சமத்தாக இருக்கிறான், போட்டோ என்று தெரிந்துவிட்டது போல என்றார். வேகவைத்த கோழி ஈரலைக் கேமராவுக்கு மேலே பிடித்தால் எந்த நாயும் காதை நிமிர்த்தும், இது நிமிர்த்தவில்லை. கீச்சுப் பொம்மையை அழுத்தினான், அதற்கும் ஒன்றுமில்லை. வாய் மட்டும் திறந்தே இருந்தது. திறந்த வாய் நல்லதுதான், படத்தில் சிரிக்கிற மாதிரி வரும், ஜனங்களுக்கு நாய் சிரிக்க வேண்டும், ஆனால் நாக்கு ஒரு பக்கமாகத் துவண்டு தொங்கியது, அதுதான் அவனுக்கு உறுத்தியது. “நாக்க உள்ள தள்ளு புள்ள, அசிங்கமாத் தெரியுது” என்றான். கோகிலா தாடையைத் தூக்கிப் பார்த்தாள். “தள்ளுனா மறுக்கா மறுக்கா வெளிய வருதுங்க.” “விரல விட்டுத் தள்ளு.” அவள் விரலை விட்டுத் தள்ளினாள். சொன்னால் செய்கிறவள் அவள், அந்தக் குணத்தை வைத்துத்தான் இந்த ஸ்டுடியோவே நடந்தது. ஸ் என்று ஒரு சத்தம், கடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கையை வெளியே எடுக்கும்போது பல் உரசியது, கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கோடு, கோட்டில் ரெண்டு சொட்டு. அவள் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தாடையைப் பிடித்தாள், ஏனென்றால் அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த நொடியில் நாயின் முகம் நேராக வந்தது. அழகாக வந்தது. இப்போது திரையில் இருப்பது அந்தப் படம்.

கோடு தெரிகிறது. பெரிதாக்கினால் நன்றாகவே தெரிகிறது, நாயின் தாடைக்குக் கீழே அவளுடைய கை, கையில் கோடு, கோட்டின்மேல் நூலாக இறங்கி நிற்கிற எச்சில். எச்சில் காயத்தில் பட்டிருக்குமா, பட்டிருக்காது, பட்டிருக்கிறது, திரையில் இருக்கிறதே, இதற்கென்ன சாட்சி வேண்டும். ஒன்றும் இருக்காது. எலும்பு சிக்கிச் செத்த நாய்கள் இல்லையா? கழுத்துத் துணிக்கு மேலே முடி கொஞ்சம் கலைந்து ஒரு தழும்பு எட்டிப்பார்த்தது, இதையும் அன்றைக்கு அவனே அழித்தான், அழித்து அதன்மேல் முடியை வரைந்து, வரைந்தது தெரியாமல் வந்ததற்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். கண்ணில் சிவப்பு, அதையும் எடுத்தான். ஒரு கண் ஒரு திசையில் லேசாகக் கோணிக்கொண்டு போயிருந்தது, அதை நேராக்கினான், எச்சிலைத் துடைத்தான், வாயை இழுத்துச் சிரிக்கவைத்தான். ஒரு டாக்டருக்கு எதைப் பார்த்தால் தெரிந்திருக்குமோ அதை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அழித்திருக்கிறான், ஒரு அரைமணி நேரம் கண்ணைக் கொட்டாமல் பார்த்திருக்கிறான், ஒன்றுமே பார்க்கவில்லை. கண் எதற்கு இருக்கிறது, முகத்துக்கு அழகாகவா? அன்றைக்கு அந்த நாய் போன பிறகு அவள் கேட்டாள், குழாயைத் திறந்து விரலை நனைத்துக்கொண்டே கேட்டாள், “ஏனுங்க, ஊசி கீசி போட்டுக்கோணுங்களா?” என்று. அவன் வாசலைக் காட்டினான். ஊசி போட்ட நாய்கள் மட்டும் அனுமதி என்று வாசலில் போர்டு இருக்கிறது, அவனே டிசைன் செய்தது, கீழே ஒரு நாய்க்குட்டி கண்ணடிக்கும். “போர்டு எதுக்கு வெச்சிருக்கறேன்? ஊசி போட்ட நாய்தான் உள்ளயே வருது. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா, அடுத்தது வெளிய நிக்குது.” போர்டைப் படித்துவிட்டுத்தான் நோய் உள்ளே வருமா வராதா என்று முடிவு செய்யும் போல. போட்டதற்கு அட்டை கொண்டுவாருங்கள் என்று ஒருத்தரிடமும் அவன் கேட்டதில்லை. பெரிய வீட்டு ஆட்கள், காரில் வருகிறவர்கள், கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று விட்டுவிட்டான்.

எச்சில் துடைத்த துணியை அன்றைக்கு யார் அலசியது? அவன் அலசவில்லை. கேமராவைத் துடைக்க எடுத்தானா, இல்லை, அது வேறு துணி, அது மஞ்சள் துணி, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், நகக்கண்ணில் எங்கேயாவது கீறல் இருந்ததா அன்றைக்கு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து வெட்கமாக இருந்தது. கட்டினவளுக்கு என்ன ஆகுமோ என்று பதற வேண்டிய நேரத்தில் புத்தி தன் நகத்தைப் பார்க்கிறது. மேஜையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. எடுத்து ஒரு மடக்குக் குடித்தான், இறங்கியது, இன்னொரு மடக்கு, அதுவும் இறங்கியது. பாட்டிலை மூடும்போது பெரியாஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்துவிட்டது. வரக்கூடாது என்று இவ்வளவு நேரம் எதைத் தள்ளிக்கொண்டிருந்தானோ அது. அப்பாவுக்குக் கால் முறிந்து கிடந்தபோது தினமும் சாப்பாடு கொண்டுபோவான், வராந்தாவின் கோடியில் தனியாக ஒரு அறை, சன்னலுக்குப் பழைய போர்வையை ஆணியடித்து மூடியிருந்தார்கள். உள்ளே ஒரு தறிக்காரர். நல்ல பேச்சு, நல்ல நினைவு, பெண்டாட்டி பெயரைச் சொல்லி வந்துட்டாளா வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார், நடுநடுவே மட்டும் ஃபேனை நிறுத்துங்க, ஃபேனை நிறுத்துங்க என்று அலறுவார். அந்த அறையில் ஃபேன் ஓடவே இல்லை. கதவை யாரோ திறந்ததுக்குத்தான் அந்த அலறல். வார்டில் வேலை செய்கிற ஆள் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார், “எல்லாரும் தண்ணிக்குத்தான் பயப்படுவாங்கன்னு நெனச்சுக்கறாங்க. காத்தும் ஆகாது தம்பி. மூஞ்சில காத்துப் பட்டா தொண்ட இழுத்துக்கும். நாய் கடிச்ச அன்னைக்கே வந்திருந்தா பொழச்சிருப்பாரு, ஏன், ஒரு மாசங் கழிச்சு வந்தாலும் ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனா நோவு வந்திருச்சுன்னா வந்திருச்சுதான். அப்புறம் எந்த ஊசியும் கேக்காது.” அடுத்த நாள் சாப்பாடு கொண்டுபோனபோது சன்னலில் போர்வை இல்லை, அறையைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா, கேள்வி அவ்வளவுதான். வரவில்லை என்றால் இப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டால் சரி, திட்டுவார்கள், திட்டட்டும், இத்தனை நாள் என்ன புடுங்கிட்டிருந்தே என்று கேட்பார்கள், கேட்கட்டும், காலில்கூட விழலாம். பின்னே ஏன் உட்கார்ந்திருக்கிறான்? எழுந்திருக்க வேண்டியதுதானே. எழுந்தால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது, உட்கார்ந்து எச்சிலை அழித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் இது ஒரு மர ஃப்ரேம் வேலை. இன்றைக்கு ஏன் அவள் ஸ்டுடியோவுக்கு வரவில்லை? காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல். “மேலு சுடற மாதிரி இருக்குது, இன்னைக்கு ஒரு நாள் நீங்களே பாத்துக்கோங்க” என்றாள், அவன் எரிச்சல்பட்டான், நாயை யார் பிடிப்பது என்றுதான் முதலில் தோன்றியது. ஊரெல்லாம் காய்ச்சல், பக்கத்து வீட்டிலும் காய்ச்சல், சித்திரையில் வருவதுதான். முந்தாநாள் கை மதமதவென்று இருக்கிறது என்றாள். எந்தக் கை? கேட்கவில்லை. அவள் காட்டினாளே, காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு இன்னொரு கையால் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டாள், கத்தி எந்தக் கையில் இருந்தது, வலது கையில், அப்படியானால் வலது கைதான், நாயின் வாய்க்குள் போனது எந்தக் கை, திரையில் பார்த்தால் தெரியும், பார்க்கவில்லை, அன்றைக்கு அவளிடம் போனை ரொம்ப நேரம் பிடிச்சா அப்படித்தான் என்று அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இன்றைக்குக் காலையில் மாத்திரை கொடுத்தான். மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கட்டில் பக்கத்தில் வைத்தான். அவள் எழுந்து உட்கார்ந்தாள், மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டாள், டம்ளரை, டம்ளரை எடுத்தாளா? எடுத்திருப்பாள். எடுத்து வாயருகில் கொண்டுபோனதைப் பார்த்த மாதிரி இருக்கிறது. அது நேற்றுப் பார்த்ததா? நேற்றுக் காப்பி குடித்தாள், காப்பி குடித்தாள், இல்லை ஆறிப்போச்சென்று தொட்டியில் ஊற்றினாள். திரும்ப முதலிலிருந்து, மாத்திரை, கை, டம்ளர், டம்ளரில் வந்து நின்றுவிடுகிறது, அதற்குமேல் நகரவில்லை, அந்த நேரத்தில் அவன் வாசலுக்கு வந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, இந்தக் கையை முடித்துவிட்டுப் போன் பண்ணலாம். அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. எச்சிலையும் தழும்பையும் விட்டுவிட்டு நேராகக் கைக்கு வந்தான், இதுவரை இந்த வரிசையை மாற்றியதில்லை, மாற்றினான். மணிக்கட்டிலிருந்து தொடங்கினான், நாய்க்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறத் திரைச்சீலையை மவுஸால் எடுத்து மணிக்கட்டின்மேல் தடவினான், மணிக்கட்டு போனது. வளையல் இல்லாத மணிக்கட்டு, வளையல் சத்தத்துக்கு நாய் திரும்புகிறது என்று அவன் சொன்ன நாளிலிருந்து அவள் வளையலே போடுவதில்லை, அவளுடைய அம்மாகூட ஒருமுறை கேட்டார், ஏண்டி மொட்டைக் கையா இருக்கிற என்று. புறங்கை போனது. சுண்டுவிரல், மோதிரவிரல். இந்த ஸ்டுடியோவில் எத்தனை நாய்கள் உட்கார்ந்திருக்கும், அத்தனைக்கும் கீழே இந்தக் கைதான் இருந்தது, அத்தனையிலும் இவனே உட்கார்ந்து பொறுமையாக எடுத்திருக்கிறான், ஊரில் பாதிக் கூடங்களில் அவள் பிடித்த நாய்கள் மாட்டியிருக்கின்றன, ஒன்றிலும் அவள் கிடையாது. அவளை வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறானா? கல்யாணத்துக்குப் பிறகு? விளக்கின் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க நாய் உட்காரும் இடத்தில் அவளை உட்காரவைத்து ஒன்றிரண்டு எடுத்திருப்பான், அவற்றை அன்றன்றைக்கே அழித்துவிடுவான், இடத்தை அடைக்கும். நடுவிரல் போனது. கட்டைவிரலும் அதன் கீழே அந்தக் கோடும் மட்டும் மிச்சம், காற்றில் ஒட்டிக்கொண்டு நின்றது அந்தத் துண்டு. கன்ட்ரோல் இசட் அழுத்தினான். நடுவிரல் வந்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை, விரல் விரலாக வந்தது, புறங்கை வந்தது, மணிக்கட்டு வந்தது, அதன் பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தான், இன்னும் பின்னால் போக முடியுமா என்று பார்ப்பவன் மாதிரி, விரலை விட்டுத் தள்ளு என்று சொன்னதற்கு முன்னால் வரைக்கும். அதற்குமேல் போகாது. கேமரா எடுத்தது இவ்வளவுதான். வலது கை.

செல்லை எடுத்தான். அவள் பெயரைத் தேடும்போது விரல் தவறித் தவறி வேறு யார் யார் பெயரையோ தொட்டது. மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, தூங்குகிறாள், காய்ச்சலில் நல்ல தூக்கம், தூங்கட்டும், எடு, எடுத்துத் தொலை.

“சொல்லுங்க,” என்றாள் கோகிலா. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

“தூங்கிட்டிருந்தியா?”

“தூக்கமே வர மாட்டீங்குது. சும்மா படுத்திருக்கறனுங்க.”

“தண்ணி குடிச்சியா?”

“என்னுங்க?”

“தண்ணி. தண்ணி குடிச்சியான்னு கேட்டேன். மாத்திரை போடறப்ப.”

“சொம்புல நெறையா மோந்து பக்கத்துலயே வெச்சிருக்கறனுங்க. ஏன், என்ன?”

அவன் மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. மோந்து வைத்திருக்கிறாள். எழுந்து போய், குடத்தில் மொண்டு, பக்கத்தில் வைத்திருக்கிறாள், பயப்படுகிறவள் செய்கிற காரியமா அது? வரவில்லை. இன்னும் வரவில்லை. நேரம் இருக்கிறது. இப்போது கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஊசி போட்டுவிடலாம். கண்ணில் தண்ணீர் முட்டியது, அவளிடம் ஏதாவது கேலியாகப் பேச வேண்டும் போல இருந்தது. அவள் பக்கம் நிசப்தமாக இருந்தது. வீட்டு ஃபேன் பழையது, போனில் எப்போது பேசினாலும் அது கடகடவென்று கூடவே பேசும், அதை மாற்றச் சொல்லி அவளும் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

“என்ன புள்ள, கரண்டு இல்லையா? ஃபேன் சத்தத்தையே காணோம்.”

“கரண்டெல்லாம் இருக்குதுங்க. நாந்தான் நிறுத்திட்டேன். மூஞ்சில காத்து பட்டா என்னமோ தொண்டயப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குது. காலைலருந்தே அப்பிடித்தான்.”

திரையில் பட்டர் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

“ஏனுங்க? லைன்ல இருக்கறீங்களா?”

“இருக்கறேன்,” என்றான் தண்டபாணி. “நான் வந்துட்டே இருக்கறேன் கோகிலா. ஆஸ்பத்திரிக்குப் போலாம். எந்திரிச்சு கதவ மட்டும் தெறந்து வெச்சிரு.”

“வேண்டாமுங்க,” என்றாள். “கதவத் தெறந்தா காத்து வரும்.”